கோணியும் கம்பளியும்

வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியை அறியாத தமிழ் மாணவர் இலர். கடையெழு வள்ளல்களைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் அச்செய்தி வகுப்பறையில் ஒரு சிரிப்பை எழுப்பிவிட்டே செல்லும். பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்தச் சிரிப்பை நன்கு அறிவார். "மயிலுக்குக் குளிருமா, ஐயா?" என்று முன்வரிசை கேட்கும். "மயில் அதை எப்படிப் போர்த்திக்கொள்ளும்?" என்று பின்வரிசை கேட்கும். மயிலுக்குக் குளிர்ந்ததா என்பதன்று செய்தி, அரசனின் நெஞ்சம் கசிந்தது என்பதே செய்தி என்று அவர் விடை கூறுவார். அந்த விடை தேர்வுத் தாளுக்குப் போதுமானதாக இருந்தது. வாழ்க்கைக்கு அது போதாது என்பதை அவர் உணர்வதற்கு ஓய்வுக்காலம் வரவேண்டியிருந்தது. தொண்ணூறு அகவையை நெருங்கிய தம் தாயிடம் மீண்டும் ஒரு பாடம் கேட்கவேண்டியிருந்தது.

அவர் குடியிருப்பது ஈப்போ நகரத்துப் புந்தோங்கில். கச்சான் பூத்தே எனப்படும் வறுத்த கடலைப் பண்டங்களுக்குப் பெயர்பெற்ற பகுதி அது. தோட்டங்களை விட்டு நகருக்குப் பெயர்ந்த தமிழர் பலர்க்கும் அது புகலிடமாயிற்று. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் தொலைக்காட்சி நாள்தோறும் ஒரே காட்சியைக் காட்டிக்கொண்டிருந்தது. 2023 அக்டோபரில் தொடங்கிய போரில் காசாவில் ஏறத்தாழ 19 இலட்சம் மக்கள் வீடிழந்து இடம்பெயர்ந்தனர் என்று ஐக்கிய நாடுகள் அவை கணக்கிட்டது. மழைநீர் புகுந்த கூடாரங்களில், பனிக்காலத்து வாடையில், குழந்தைகள் வெறுங்காலோடு நின்றனர். ஆசிரியருக்கு உணவு செல்லவில்லை. மறுநாளே நண்பர்களையும் பழைய மாணவர்களையும் அழைத்தார். கம்பளி ஆடைகளைத் திரட்டி அனுப்புவது என முடிவாயிற்று.

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமே அறிந்த பேராக்கில் கம்பளி ஆடை ஏது என்று சிலர் நகைத்தனர். ஆனால் தேடியபோது அது கிடைக்கவே செய்தது. உக்ரேனுக்கும் இரஷ்யாவுக்கும் மருத்துவம் பயிலச் சென்று திரும்பிய பிள்ளைகளின் தடித்த மேலங்கிகள் பூச்சி உருண்டைகளோடு அலமாரிகளில் உறங்கிக்கொண்டிருந்தன. காசிக்கும் இமயத்துக்கும் சென்றுவந்த முதியோரின் கம்பளிச் சட்டைகள் கிடைத்தன. பண்டல் கடைகள் எனப்படும் பழந்துணிக் கடைகளில் ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கிய குளிர்காலச் சட்டைகள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. இரண்டு வாரங்களில் 43 பைகள் சேர்ந்தன. வீட்டுக் கூடத்தில் நடப்பதற்கும் இடமில்லை. ஆசிரியரின் உள்ளத்தில் மட்டும் பெருமிதத்திற்கு இடமிருந்தது.

முதல் தடை தொலைவிலிருந்து வந்தது. உதவிப் பொருள்களை அனுப்பும் பணியில் ஈடுபட்டிருந்த ஓர் அமைப்பினரை அவர் அணுகினார். பழைய ஆடைகளை ஏற்பதற்கில்லை என்று அவர்கள் பணிவோடு கூறிவிட்டனர். தரம் பிரிக்க ஆள் வேண்டும். வைக்கக் கிடங்கு வேண்டும். எல்லையைக் கடக்க இசைவு வேண்டும். ஒரு மேலங்கியை வானூர்தியில் அனுப்பும் செலவில் அண்டை நாட்டுச் சந்தையிலேயே புதிய கம்பளிப் போர்வைகளை வாங்கிவிடலாம். ஆகவே பணமாகக் கொடுத்தால் நலம் என்றனர். அவர்கள் கூற்றில் பிழையில்லை. ஆயினும் ஆசிரியரின் முகம் வாடிப்போயிற்று. பணத்தை அனுப்பி வைத்தார். 43 பைகள் கூடத்திலேயே கிடந்தன.

அந்நாள்களில்தான் கேமரன் மலையிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றிவரும் பழைய மாணவர் ஒருவர் அவரைக் காண வந்தார். பைகளைப் பார்த்தவர், "ஐயா, இவை கடல் கடந்து போகவேண்டுமா? நம் மலைமேலேயே குளிரில் நடுங்குகிறவர்கள் இருக்கிறார்களே" என்றார். மியன்மார் நாட்டுச் சின் இனத்தவர் சிலர் அங்குள்ள காய்கறித் தோட்டங்களில் வேலை செய்து வந்தனர். 2021 பிப்ரவரி முதல் நாளன்று அந்நாட்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அவ்வாண்டிலேயே சின் மாநிலத்துத் தந்லாங் நகரம் தீக்கிரையாயிற்று. அதற்கு முன்னும் பின்னும் ஊரைவிட்டு ஓடிவந்தவர் பலர். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், இரவில் 15 பாகை வரை இறங்கும் குளிரில், தகரக் கொட்டகைகளில் அவர்கள் உறங்கினர். ஆசிரியருக்குப் போன உயிர் மீண்டாற்போல் ஆயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமையே எல்லாப் பைகளையும் லாரியில் ஏற்றிவிடலாம் என்றார்.

இரண்டாம் தடை வீட்டிற்குள்ளிருந்தே வந்தது. அன்று மாலை அவர் வெளியே சென்று திரும்பியபோது, அவர்தம் தாயார் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்திருந்தார். பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, துணிகளை மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு குவியல் கொடுக்கத் தக்கவை. ஒன்று தைத்துக் கொடுக்கத் தக்கவை. மூன்றாவது, தரை துடைக்கத் தக்கவை. மூன்றாம் குவியலே மலைபோல் உயர்ந்திருந்தது. கக்கத்தில் கிழிந்த சட்டைகள், இழுவை அறுந்த மேலங்கிகள், இணையில்லாத காலுறைகள், கறைபடிந்த போர்வைகள், விருந்துக்கு உடுத்தும் மெல்லிய பாவாடைகள் எல்லாம் அதில் கிடந்தன.

ஆசிரியர் சினந்தார். "அம்மா, இல்லாதவர்களுக்கு இதுவும் பெரிதுதானே? குளிரில் விறைப்பவன் பொத்தானையா எண்ணப்போகிறான்?" என்றார். தாயார் நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்கை தேய்ந்த ஒரு சட்டையை உயர்த்திக் காட்டி, "இதை நீ உடுத்துவாயா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். அவர் விடை சொல்லவில்லை. "உன் மனைவிக்குக் கொடுப்பாயா?" என்று மீண்டும் கேட்டார். அதற்கும் விடையில்லை. பிறகு அந்த அம்மையார், அதுவரை மகனிடம் முழுமையாகச் சொல்லாத ஒரு கதையைச் சொன்னார்.

ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலம் அது. 1941 டிசம்பர் இறுதிக்குள் ஈப்போ வீழ்ந்தது. கம்பாரில் சில நாள் நடந்த கடும்போருக்குப் பின் பேராக் முழுவதும் அவர்கள் கைக்குப் போயிற்று. சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிவந்த குடும்பம் இவர்களுடையது. மேல்நாட்டுச் சந்தை அடைபட்டதால் இரப்பருக்கு விலையில்லை. பெரட்டு மணி ஓய்ந்தது. மரங்கள் வெட்டுவாரின்றி நின்றன. அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கு வந்தது. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரத் தாளுக்கு நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்தது. மலாயாவில் உடுத்திய துணியெல்லாம் பெரும்பாலும் கடல்கடந்து வந்தவை. கப்பல் நின்றதும் துணியும் நின்றது. இருந்த துணி தேய்ந்து, கிழிந்து, ஒட்டுப்போடவும் இடமின்றிப் போயிற்று.

மக்கள் கோணிப்பையை உடுத்தினர். அடிப்பக்கத்தில் தலைக்கு ஒரு துளை, இருபுறமும் கைகளுக்கு இரண்டு துளை; எட்டு வயதுச் சிறுமியின் சட்டை அவ்வளவே. வியர்வையில் அது அரிக்கும். மழையில் நனைந்தால் கல்லைப்போல் கனக்கும். அதன் இழைகளில் பேன் குடியேறும். இரப்பர்ப் பாலைத் தகடாக உறையவைத்து இடுப்பில் சுற்றிக்கொண்ட ஆடவரும் இருந்தனர். வெயில் ஏற ஏற அது தோலில் ஒட்டிக்கொள்ளும். அதன் நாற்றம் ஆளுக்கு முன்னே வரும். உலகத்தின் சக்கரங்களுக்கெல்லாம் பால் கறந்து கொடுத்தவர்கள், அந்தப் பாலையே உடுக்க நேர்ந்த காலம் அது.

வேலையற்ற தோட்டங்களுக்கு ஆள் திரட்டுவோர் வந்தனர். சில மாத வேலை, நல்ல கூலி, உணவு உண்டு, துணி உண்டு என்றனர். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் போடப்பட்ட இருப்புப்பாதை அது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். அடைத்த சரக்கு வண்டிகளில் நாள்கணக்கில் பயணம். பிறகு காட்டு வழியே நடை. மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாக உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. ஆண்டின் கடைசி மாதங்களில் அந்த எல்லைப்புறத்து மலைகளில் இரவு கடுங்குளிர். அரைக்கோவணத்தோடு கிடந்தவர்க்குப் போர்வை ஏது? மூங்கில் தீயே போர்வை. சென்றவர்களுள் பல்லாயிரவர் மீளவில்லை. சயாம் மரண இரயில் என்று அதற்குத் தமிழர் இட்ட பெயர் இன்றும் வழங்குகிறது. அந்த அம்மையாரின் தந்தையாரும் சென்றவர்களுள் ஒருவர்; மீளாதவர்களுள் ஒருவர். புறப்பட்ட அன்று, வீட்டிலிருந்த ஒரே வேட்டியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கோணியை உடுத்திச் சென்றாராம். அங்கேதான் துணி தருகிறார்களே என்றாராம்.

எஞ்சிய வீட்டில் தாயும் சிற்றன்னையும் இரண்டு பெண்கள். சேலை ஒன்றே. ஒருத்தி உடுத்திக் கிழங்கு அகழச் சென்றால் மற்றொருத்தி அந்த வேட்டியின் கந்தலைச் சுற்றிக்கொண்டு லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் அமர்ந்திருப்பாள். போர் முடிவதற்குள் சேலையும் வேட்டியும் இற்றுப்போயின. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது ஊரெல்லாம் மகிழ்ந்ததாம். அவ்விரு பெண்களும் கதவிடுக்கு வழியே மகிழ்ச்சியைப் பார்த்தார்களாம்.

அதற்குச் சில வாரம் கழித்து, நகரத்திலிருந்து ஒரு லாரியில் பழந்துணி மூட்டைகள் தோட்டத்துக்கு வந்தன. லாரி நிற்கவில்லை, மெல்ல ஊர்ந்தபடியே இருபுறமும் துணியை வீசிக்கொண்டு சென்றது. மக்கள் விழுந்து பொறுக்கினர். ஒருவர் கையிலிருந்ததை ஒருவர் பிடுங்கினர். சிறுமிக்குக் கிடைத்தது பொத்தான்களெல்லாம் அறுத்தெடுக்கப்பட்ட ஓர் ஆடவர் மேற்சட்டை. பொத்தானை அறுத்துவிட்டுச் சட்டையைக் கொடுத்தவர் யாரோ! மூடாத சட்டை மானத்தை மூடவில்லை. அதைக் கையால் இறுகப் பற்றியபடியே அவள் பல நாள் நடந்தாள். வீசியவர்கள் கெட்டவர்கள் அல்லர். இரக்கம் கொண்டே வந்தவர்கள்தாம். ஆனால் அந்த இரக்கம் லாரியை விட்டு இறங்கவில்லை.

பிறிதொரு நாள், ஆற்றோரக் கம்பத்து மலாய் மாது ஒருத்தி லயத்துக்கு வந்தாள். முன்பு கிழங்குக்கு மீன் மாற்றிக்கொண்ட பழக்கம். இரு பெண்களையும் வெளியே காணாததன் காரணத்தை எப்படியோ அறிந்திருந்தாள். அவள் கையில் வாழையிலையில் பொதிந்த ஒரு சாரோங் இருந்தது. புதியதன்று, அவள் உடுத்தியதே. ஆனால் துவைத்து, உலர்த்தி, ஓரம் தைத்து, மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கதவிடுக்கின் வழியே அதை நீட்டிவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள். உள்ளிருப்பவள் உடுத்தி முடித்துக் கதவைத் திறக்கும்வரை அவள் திரும்பவேயில்லை. பிறகு, ஒன்றும் நடவாததுபோல, ஆற்றில் நீர் ஏறியிருப்பதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாள்.

"லாரியில் வந்ததும் பழந்துணி, ஐயா. அவள் கொண்டுவந்ததும் பழந்துணிதான்" என்று தாயார் கதையை முடித்தார்.

ஆசிரியர் அன்றிரவு உறங்கவில்லை. அறம் எது என்னும் வினாவுக்கு உணவையும் உடையையும் உறையுளையும் விடையாக நிறுத்திய மணிமேகலையை அவர் எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருந்தார். ஈகை என்னும் அதிகாரத்தை நூறு முறை விளக்கியிருந்தார். கொடுப்பது என்பது கையின் தொழில் என்றே அதுவரை கருதியிருந்தார். கண்ணுக்கும் அதில் பங்குண்டு என்று அன்றுதான் அறிந்தார். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அப்போது நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்த பழந்துணிகள் சாலையோரங்களில் சிதறிக் கிடந்ததும், மீனவ மக்கள் அவற்றைத் தொட மறுத்ததும் அவர் நினைவுக்கு வந்தன. உழைத்துத் தம் துணியைத் தாமே வாங்கி உடுத்தியவர்கள் அவர்கள். கடல் வீட்டைக் கொண்டுபோன மறுநாளே பிறர் கழித்ததை உடுத்துக என்றால் எப்படி உடுத்துவர்? அன்று செய்தித்தாளில் அதைப் படித்தபோது, துன்பத்திலும் இவர்களுக்கு இத்தனை வீம்பா என்று அவர் எண்ணியதுண்டு. இப்போது அந்த எண்ணத்திற்காக அவர் நாணினார்.

மறுநாள் முதல் மகனும் தாயும் பாயில் எதிரெதிரே அமர்ந்தனர். மருமகளும் பேத்தியும் உடன் சேர்ந்தனர். துவைக்கத் தக்கவை துவைக்கப்பட்டன. பொத்தான்கள் தைக்கப்பட்டன, அறுந்த இழுவைகளுக்குப் புந்தோங் தையற்காரர் ஒருவர் புதியவை வைத்துத் தந்தார். 43 பைகளில் 14 பைகளே மிஞ்சின.

அந்த வாரம் நடந்த நண்பர்கள் கூட்டத்தில் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். "தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறியபோதும், வீடும் வேலையும் இழந்தவர்கள் நம்மவர்கள். அவர்கள் இன்னும் நகரத்து அடுக்கு வீடுகளில் அல்லற்படுகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு அயலாருக்குக் கம்பளி கொடுப்பது என்ன முறை?" என்றார். ஒதுக்கிவிடத்தக்க வினாவன்று அது. ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு பேகனைப் பற்றியே பேசினார். மயிலுக்குப் போர்வை தந்த அந்த வள்ளல், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். அவள் கண்ணீரைக் கண்ட கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவனிடம் சென்று, தமக்குப் பரிசில் வேண்டா, அவள் துயரைக் களைந்தால் போதும் என்று வேண்டினர். புறநானூறு இரண்டு செய்தியையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. "நாம் மயிலை மட்டும் பாடம் நடத்தினோம், கண்ணகியை விட்டுவிட்டோம். நீங்கள் கேட்டது நியாயமே. ஆனால் புலவர்கள் போர்வையைத் திரும்ப வாங்கச் சொல்லவில்லை, கண்ணகியிடமும் செல் என்றே சொன்னார்கள்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். 1986 ஆகஸ்ட் 11-இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர் மிதந்துகொண்டிருந்தனர். அவர்களைக் கண்டு தம் படகுகளில் ஏற்றிக் காத்தவர்கள் அவ்வூர் மீனவர்கள். எந்த மொழி, எந்த நாடு என்று கேட்டுவிட்டுக் கை நீட்டியவர்கள் அல்லர் அவர்கள். போரை விட்டு ஓடிக் குளிர்நாடுகளில் ஒதுங்கிய தமிழர் பலர் தம் முதற்பனிக்காலத்தைப் பிறர் கொடுத்த மேலங்கிக்குள்தான் கழித்தனர். நம்மவர் என்னும் சொல்லின் எல்லையை யாரோ சிலர் நமக்காக ஒருநாள் விரித்தனர். அதை நாம் சுருக்கலாகாது என்றார். கூட்டம் முடிந்தபோது வினா எழுப்பிய நண்பரே இரண்டு புதிய போர்வைகளைக் கொண்டுவந்து வைத்தார். அடுத்த மாதம் அடுக்கு வீட்டுக் குடும்பங்களைக் காணச் செல்வது எனவும் முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் சிம்பாங் பூலாய் வழியே லாரி மலையேறியது. சுண்ணாம்புக் குன்றுகள் பின்னே சென்றன, காற்று குளிர்ந்தது. காய்கறித் தோட்டத்தின் ஓரத்துக் கொட்டகையில் ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தன. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா கையொப்பமிடவில்லை. ஆதலால் அந்நியர் வண்டியைக் கண்டாலே அவர்கள் கண்களில் அச்சம் தோன்றியது. ஆசிரியர் துணிகளை இறைக்கவில்லை. அளவு வாரியாக மடித்து, ஒரு பலகையின்மேல் அடுக்கினார். வேண்டியதை அவரவர் தேர்ந்துகொள்ளட்டும் என்று சைகையால் கூறிவிட்டு, லாரி ஓட்டுநரோடு அப்பால் சென்று முட்டைக்கோசு பாத்திகளைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

சிறிது நேரம் கழித்தே திரும்பிப் பார்த்தார். இளந்தாய் ஒருத்தி ஒரு சிறுவனுக்கு நீலக் கம்பளிச் சட்டையை அணிவித்துக்கொண்டிருந்தாள். சின் மகளிர் நெசவில் வல்லவர். அவர்கள் மலையும் குளிர்ந்த மலையே. தேய்ந்த முழங்கையில் போடப்பட்டிருந்த தையலை அவள் கட்டைவிரலால் தடவினாள். உட்புறம் திருப்பிப் பார்த்தாள். பொத்தானை இழுத்துப் பார்த்தாள். தொழில் அறிந்தவள் தொழில் அறிந்தவளின் வேலையைப் பார்க்கும் பார்வை அது. தலையை அசைத்துவிட்டுச் சட்டையைப் பூட்டினாள். ஆசிரியரைப் பார்த்து அவள் கும்பிடவில்லை, கண்கலங்கவுமில்லை. அதுவே அவருக்கு நிறைவாக இருந்தது.

இரவு வீடு திரும்பியபோது தாயார் விழித்திருந்தார். எத்தனை பேர், என்ன சொன்னார்கள், படம் எடுத்தாயா என்று எதுவும் கேட்கவில்லை.

"அந்த நீலச் சட்டைப் பொத்தான் நின்றதா, ஐயா?" என்றார்.

"நின்றது, அம்மா."

"அப்படியானால் சரி" என்று கூறிவிட்டு, அந்த அம்மையார் விளக்கை அணைக்கச் சொன்னார்.